சிறைக்குள் ஒரு சித்திரக் கலாசாலை

"ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பட்டால் ஒரு சிறைச்சாலை மூடப்படும்" என்பது நம் பகுதிப் பரிசளிப்பு விழா மேடைகளில் ஆண்டுதோறும் தவறாமல் கேட்கும் வாக்கு. தலைமை வகிப்பவர் சொல்வார். அவர் மறந்துவிட்டால் பிரதம விருந்தினர் சொல்வார். இருவரும் விட்டுவிட்டால் நன்றியுரை கூற எழும் ஆசிரியர் சொல்லிவிடுவார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்களோ, இரண்டுக்கும் அப்படி என்ன பெரிய வேற்றுமை என்று தமக்குள் முணுமுணுத்துக்கொள்வார்கள். மணி அடித்தால் உள்ளே போவதும், மணி அடித்தால் வெளியே வருவதும், சீருடை அணிவதும், இலக்கத்தால் அழைக்கப்படுவதும் ஈரிடத்திலும் உண்டல்லவா?

இந்த மேடைவாக்கு எழுத்துக்கு எழுத்து மெய்யான ஓர் இடம் உலகில் இருக்கிறது. நம்மவர் பலர் குடியேறி வாழும் சிட்னி மாநகரில், டார்லிங்ஹர்ஸ்ட் என்னும் மேட்டுப் பகுதியில் ஒரு பழைய சிறைச்சாலை உண்டு. நம் பக்கத்து வழக்கில் சொன்னால் மறியற்சாலை. இன்று அதே மதிலுக்குள், அதே கட்டடங்களில், அவுஸ்திரேலியாவின் தேசியச் சித்திரக் கலாசாலை நடைபெறுகிறது. சிறையை இடித்துவிட்டுக் கலாசாலை கட்டவில்லை. சிறையையே கலாசாலை ஆக்கிக்கொண்டார்கள். இதைத்தான் இன்று வாசகர்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

முதலில் அந்த மறியற்சாலையின் கதையைச் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்திலிருந்து குற்றவாளிகளைக் கப்பலேற்றி அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்திய காலம் அது. 1822ஆம் ஆண்டில் டார்லிங்ஹர்ஸ்ட் மேட்டில் மதில் எழுப்பத் தொடங்கினார்கள். கல்லை வெட்டியவர்களும் கைதிகளே, சுமந்தவர்களும் கைதிகளே, அடுக்கியவர்களும் கைதிகளே. தம்மைப் போன்றோரை அடைப்பதற்குத் தம் கையாலேயே சுவர் வைத்தார்கள். இரண்டாண்டில் மதில் முடிந்தது. பணம் முடங்கியமையால், உள்ளே ஒன்றுமில்லாமல் வெறும் மதிலாகவே பல ஆண்டுகள் நின்றது. 1836இல் மீண்டும் வேலை தொடங்கி, 1841இல் கைதிகளை உள்ளே கொண்டுவந்தார்கள். நடுவே வட்ட வடிவில் ஒரு தேவாலயம். அதைச் சுற்றி விசிறி மடல்கள் விரிந்தாற்போலச் சிறைக் கட்டடங்கள். 1914ஆம் ஆண்டு வரை, அதாவது 73 ஆண்டுகள், அது சிறையாகவே இருந்தது.

அந்த 73 ஆண்டுகளில் எழுபதுக்கு மேற்பட்டோர் அங்கே தூக்கிலிடப்பட்டனர். தொடக்க காலத்தில் ஊரார் திரண்டு வேடிக்கை பார்க்க, வாயிலுக்கு வெளியிலேயே அக்காரியம் நடந்தது. 1889ஆம் ஆண்டு சனவரியில் லூயிசா கொலின்ஸ் என்ற பெண் நான்கு முறை விசாரிக்கப்பட்டு அங்கே தூக்கிலிடப்பட்டாள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண் அவளே. அவுஸ்திரேலிய நாடுகள் ஒன்றிணைந்து பொதுநலவாயமாகிய 1901 சனவரியில், ஊரெங்கும் கொண்டாட்டம் ஓயுமுன்னே, கொலைக் குற்றத்துக்காக ஜிம்மி கவர்னர் என்ற பூர்வகுடி மரபில் வந்த இளைஞன் அதே மதிலுக்குள் தூக்கிலேறினான்.

அந்நாட்டு மக்கள் தம் தேசியக் கவிஞராகப் போற்றும் ஹென்றி லோசனும் அங்கே இருந்தவர்தாம். மதுப் பழக்கமும், பிரிந்த மனைவிக்குச் செலுத்த வேண்டிய பணத்தைச் செலுத்தாத குற்றமும் அவரை இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் மீண்டும் மீண்டும் அந்த வாயிலுக்குள் தள்ளின. சிறையில் தமக்கு இட்ட இலக்கத்தையே தலைப்பாக்கி 'நூற்று மூன்று' என்று 1908இல் ஒரு கவிதை எழுதினார். 1966இல் அவுஸ்திரேலியா டொலர் நாணயத்துக்கு மாறியபோது அச்சிட்ட பத்து டொலர்த் தாளில் அவருடைய முகத்தைப் பொறித்தார்கள். அரசாங்கம் அடைத்து வைத்த மனிதரின் முகத்தை அரசாங்கமே பணத்தில் அச்சிட்டது. காலத்தின் வேடிக்கைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நிற்க. 1914இல் கைதிகள் வேறு சிறைக்கு மாற்றப்பட்டனர். 1921இல் அந்த இடம் கல்விப் பகுதியினரின் கைக்கு வந்து தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. 1922இல் சித்திரக் கலாசாலை உள்ளே குடிபுகுந்தது. சிற்றறைகளைப் பிரித்த சுவர்கள் பலவற்றை நீக்கி, சித்திர மண்டபங்களாகவும் சிற்பக் கூடங்களாகவும் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு ரேனர் ஹோவ் என்னும் சிற்பி அங்கே ஆசிரியராக வந்தார். சிட்னி நகரின் ஹைட் பூங்காவில், 1934இல் திறக்கப்பட்ட போர் நினைவு மண்டபத்தின் சிற்பங்களெல்லாம் அவருடைய படைப்பு. மண்டபத்தின் நடுவே, போரில் மாண்ட ஓர் இளைஞனின் உடலைக் கேடயத்தின் மேல் வளர்த்தி, தாயும் சகோதரியும் மனைவியும் தோளில் தாங்கி நிற்கிறார்கள். மனைவியின் கையில் ஒரு குழந்தை. போர் என்றதும் வெற்றி வீரனை வடிப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், போரின் பாரத்தைச் சுமப்பவர் யார் என்பதைக் கல்வியறிவில்லாதவரும் விளங்கிக்கொள்ளும்படி வடித்தவர், தூக்குமரம் நின்ற மதிலுக்குள் இருந்து பாடம் சொன்ன ஆசிரியர் என்பதை நாம் கருத வேண்டும்.

பெண் கைதிகளை வைத்திருந்த கட்டடம் 1950களில் நாடகம், நடனம், இசை நிகழும் அரங்கமாக மாறியது. அதற்குப் பெயர் மாற்றவில்லை. 'சிறைக்கூட அரங்கு' என்றே இன்றும் அழைக்கிறார்கள். பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற மார்கரெட் ஒலி, ஜோன் ஒல்சன் முதலிய ஓவியர்கள் அந்தக் கலாசாலையில் பயின்றவர்களே.

இரண்டாண்டுகளுக்கு முன் மார்கழி விடுமுறையில் நம் தமக்கையார் வீட்டுக்குச் சிட்னி சென்றிருந்தபோது, ஒரு முற்பகல் அங்கே போய்ப் பார்த்தோம். மணற்கல்லாலான மதில் தேன் நிறத்தில் வெயிலில் நின்றது. அருகே சென்று பார்த்தால் கற்களில் சிறு சிறு குறிகள் தெரிகின்றன: ஒரு கோடு, இரண்டு கோடு, ஓர் அம்பு, ஒரு பிறை. கல்லைப் பொழிந்த கைதி, இன்றைக்கு இத்தனை கல் என் கணக்கு என்று காட்டுவதற்காகச் செதுக்கியவை அவை. பெயர் தெரியாத அந்த மனிதர்களிடமிருந்து எஞ்சியது அக்கீறல் ஒன்றே. மரநிழலில் ஓர் இளம்பெண் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சுவரையே கரித்துண்டால் வரைந்துகொண்டிருந்தாள். கால்மணி நேரம் நின்று பார்த்தோம். அவள் தாளைப் பார்த்த நேரத்தைவிடச் சுவரைப் பார்த்த நேரமே அதிகம்.

விசிறி போல் அமைந்த சிறைகளின் நோக்கம் என்ன? குறைந்த காவலர், நிறைந்த கைதிகளைக் கண்காணிப்பது. ஆகவே சிறைச்சாலை என்பதும் பார்ப்பதற்காகவே கட்டப்பட்ட இடம். சித்திரசாலை என்பதும் பார்ப்பதற்காகவே ஏற்பட்ட இடம். ஆனால் இரண்டு பார்வைக்கும் எவ்வளவு தூரம்! காவலனின் கண் குற்றத்தைத் தேடுகிறது. தேடியது கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஓவியனின் கண் எதையும் முன்கூட்டி முடிவு செய்வதில்லை. இந்தக் கன்னத்தில் நிழல் எங்கே விழுகிறது, இந்தப் புருவம் ஏன் சற்றே உயர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. காவலன் ஒரு மனிதனை ஓர் இலக்கமாகச் சுருக்குகிறான். ஓவியன் அவனை விரித்துக் கொண்டே போகிறான். டார்லிங்ஹர்ஸ்டில் சுவர் மாறவில்லை. கூரையும் பெரிதாக மாறவில்லை. மாறியது உள்ளிருப்பவரின் பார்வைதான்.

ஊர் திரும்பிய பின் இந்தக் கதையை வகுப்பில் சொன்னோம். நாம் காத்தான்குடிக் கல்லூரியொன்றில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவர். வீடு அடுத்த ஊராகிய ஆரையம்பதியில். நடுவீதியில் பேரீச்ச மரங்கள் வரிசையிட்டு நிற்கும் அந்தப் பெருந்தெருவின் வழியே நாள்தோறும் போய்வருகிறோம். இந்து ஆசிரியர் என்பதற்காகப் பிள்ளைகளோ பெற்றாரோ நம்மை வேறாக எண்ணியதில்லை. நோன்புக் கஞ்சியும் பொங்கலும் இரு வீட்டு வாயிலையும் அறியும்.

படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுந்து, "சேர், ஆட்களைத் தூக்கில போட்ட இடத்தில இருந்து படம் கீற அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி மனம் வருது?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஏனென்றால், அவளுடைய உம்மாவின் வாப்பா 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு பள்ளிவாசலுக்குத் தொழப்போய் வீடு திரும்பாதவர்களுள் ஒருவர். வகுப்பில் எல்லாருக்கும் அது தெரியும்.

அந்த இரவைப் பற்றி இப்பகுதி வாசகருக்கு நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர், சிறுவர் உட்பட, ஆயுதம் தாங்கிய தமிழ் இயக்கத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர் பேசிய மொழியும் தமிழ். தொழுதவர் வீட்டில் பேசிய மொழியும் தமிழ். சுவரில் பதிந்த குண்டுத் தழும்புகளை ஊரார் பூசி மறைக்கவில்லை. அவை இன்றும் இருக்கின்றன. அந்தச் சுவருக்கு முன்னேதான் நாள்தோறும் தொழுகை நடைபெறுகிறது.

அவளுடைய கேள்வி உடனே பதில் சொல்லிவிடக் கூடியதன்று. "அடுத்த பாடத்தில் பேசுவோம் மகள்" என்று சொல்லி அமர்த்தினோம். வீட்டுக்கு வந்தும் அக்கேள்வி நம்மை விடவில்லை.

கொடிய நினைவுள்ள கட்டடத்தை என்ன செய்வது? இடித்துவிடலாம் என்பது ஒரு வழி. சென்னையில் 1837இல் கட்டிய மத்திய சிறையிலிருந்து 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009இல் கட்டடத்தை இடித்து, அந்நிலத்தில் மருத்துவக் கல்லூரிக்குக் கட்டடம் எழுப்பினார்கள். அதுவும் நல்ல காரியமே. சிறை போய்க் கல்வி வந்தது. ஆனால் இடிக்கும் முன் பொதுமக்களை உள்ளே சென்று பார்க்க விட்டபோது கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய்ப் பார்த்தார்களாம். மறைந்துபோவதை ஒருமுறை கண்ணால் கண்டுகொள்ள வேண்டும் என்ற ஆசை மனிதருக்கு இயல்பு. இனி அங்கே படிக்கும் மாணவனுக்கு அந்தச் சுவர் எதையும் சொல்லாது.

சிறைச் சுவருக்கும் சித்திரத்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதும் அன்று. பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டாக் கோட்டையில் அடைபட்டிருந்த பத்திராசல ராமதாசர், தம் அறையின் சுவரில் இராமனையும் இலக்குவனையும் அனுமனையும் செதுக்கினார் என்பர். அங்கே செல்வோருக்கு அவ்வுருவங்களை இன்றும் காட்டுகிறார்கள். நீற்றறையில் இடப்பட்ட நாவுக்கரசர் பதிகம் பாடினார் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அடைத்தவன் சுவரைக் கட்டுகிறான். அடைபட்டவன் அதைத் தன் ஏடாக்கிக்கொள்கிறான். டார்லிங்ஹர்ஸ்ட் கைதி கல்லில் இட்ட பிறைக் குறியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

இவ்வளவும் எண்ணியபோது மற்றொரு நினைவும் உடன் வந்தது. சிட்னியில் சிறை பள்ளியாயிற்று. இங்கே பள்ளிகள் சிறையாகியிருக்கின்றன. கம்போடியத் தலைநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியை 1975க்குப் பின் வதைக்கூடமாக்கிப் பல்லாயிரவரைச் சித்திரவதை செய்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? காத்தான்குடிப் படுகொலை நிகழ்ந்து ஒரு மாதம் கழிந்த பின், 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்களுள் 150க்கு மேற்பட்டோரைப் படையினர் வரிசையில் நிறுத்திப் பிரித்தெடுத்துக் கொண்டுபோயினர். அவர்கள் திரும்பவில்லை. அவ்வாண்டு நமக்குப் பத்து வயது. நம் குடும்பமும் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பல நாள் தங்கியிருந்தது. வாங்குகளை அடுக்கி வேலியாக்கி, ஒரு குடும்பத்துக்கு ஒரு மூலை என்று பங்கிட்டுக்கொண்டோம். கரும்பலகையில் யாரோ ஆசிரியர் எழுதிய கூட்டற் கணக்கு ஒன்று அழிக்கப்படாமல் இருந்தது. அதை நாம் ஒவ்வொரு நாளும் கூட்டிப் பார்ப்போம்; வேறு வேலை இல்லை.

ஆகவே கட்டடங்களுக்கென்று ஒரு குணம் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. நாவலடி மணலில் ஊன்றிய கம்பு போல, யார் கையில் இருக்கிறதோ அவர் விருப்பப்படி அது வேலியாகும், பந்தற்காலும் ஆகும். நிலையான கேடு எங்கே இருக்கிறது என்றால், நாம் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையில் இருக்கிறது.

போர்க்காலத்தில் இந்தப் பாதையில் எத்தனை சோதனைச் சாவடிகள்! அடையாள அட்டையை நீட்டுவோம். காவலர் பெயரைப் பார்ப்பார், பிறகு முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நாமும் மெல்லக் கற்றுக்கொண்டோம். பேருந்தில் பக்கத்தில் அமர்பவரின் பெயரென்ன, ஊரென்ன என்று முதலில் கணிப்பதும், பிறகே புன்னகைப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதும் பழக்கமாயிற்று. சாவடிகள் போனபின் அப்பழக்கம் சற்றே தளர்ந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துக் குழந்தைகள் உட்படப் பலர் மாண்டார்கள். அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியிற் பிறந்தவன் என்று தெரிந்ததும், அவ்வூரில் பிறந்த ஒவ்வொருவர் மேலும் பழைய பார்வை திரும்பி வந்தது. நகரத்துக்குப் போன நம் மாணவர்கள், ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் எதிரே நிற்பவரின் முகம் மாறுவதை வந்து சொன்னார்கள். பதினாறு வயதுப் பிள்ளை, தான் செய்யாத ஒன்றுக்காக ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கினால், மதில் இல்லாத மறியலில் அவன் இருக்கிறான் என்றல்லவா பொருள்?

அடுத்த பாடத்தில் அந்த மாணவிக்கு நாம் சொன்னது இதுதான்: "அங்கே இருந்து கீறுகிற பிள்ளைகள் நடந்ததை மறந்துவிட்டுக் கீறவில்லை. மறப்பதென்றால் இடித்திருப்பார்கள், அரங்கின் பெயரையாவது மாற்றியிருப்பார்கள். சுவரை வைத்துக்கொண்டு, அதன் முன்னே வேறு விதமாகப் பார்க்கப் பழகுகிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தழும்பை மூடாமல் தொழுகிறார்களே, அதுபோல என்று எனக்குப் படுகிறது."

அவள் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு, "சிறை எத்தனை வருஷம் இருந்தது சேர்?" என்று கேட்டாள். 73 என்றோம். "கலாசாலை?" 1922 முதல் என்றோம். அவள் கொப்பியின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். "அப்ப 1995இலதான் சமன். அதுக்குப் பிறகு படிப்புத்தான் கூட" என்றாள்.

நமக்கு இந்தக் கணக்கு தோன்றவேயில்லை. எவ்வளவு நேரிய கணக்கு! ஓர் இடத்தில் நடந்த தீமையை ஒரே நாளில் கழுவ எவராலும் இயலாது. ஆனால் அங்கே நடக்கும் நன்மையின் ஆண்டுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒரு நாள் தீமையின் ஆண்டுகளை எட்டும், மறுநாள் முந்திவிடும். அதுவரை ஒவ்வோர் ஆண்டும் யாராவது வந்து, கரித்துண்டை எடுத்து, சுவரைப் பார்த்து வரைந்துகொண்டிருக்க வேண்டும்.

இப்போது நம் வகுப்பில் ஒரு சிறு பயிற்சி வைத்திருக்கிறோம். தமிழ்ப் பாடத்தில் வருணனை எழுதப் பழகுவதற்காக, மாணவர்கள் அயலூருக்குப் போய், அறிமுகமில்லாத ஒரு வீட்டின் படலையைப் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும். விரும்பினால் கீறவும் வேண்டும். உருவம் வரைவதில் சில வீடுகளில் தயக்கம் உண்டாகையால் மனிதர் வேண்டாம், படலை போதும் என்றோம். காத்தான்குடிப் பிள்ளைகள் ஆரையம்பதிக்கு வருகிறார்கள். சும்மா நிற்கும் பிள்ளையைப் பார்த்து வீட்டார் வெளியே வருகிறார்கள். யாருடைய பிள்ளை, ஏன் நிற்கிறாய் என்று விசாரிக்கிறார்கள். முதல் விசாரணை காவலனின் விசாரணையாகத்தான் இருக்கிறது. விஷயம் தெரிந்ததும் தண்ணீர் தருகிறார்கள். படலையில் எந்தப் பலகை எந்தப் புயலில் உடைந்தது என்று சொல்கிறார்கள். சென்ற தவணையில் ஒருவன் தன் கட்டுரையில், அந்த வீட்டு ஆச்சி "கீறி முடிஞ்சதும் எனக்கும் ஒண்டு கொண்டுவா தம்பி" என்று கேட்டதை எழுதியிருந்தான். கொண்டுபோய்க் கொடுத்தாயா என்று கேட்டோம். கொடுத்தானாம். ஆச்சி அதைச் சாமிப் படத்துக்கு அருகே செருகி வைத்தாராம்.

இந்தச் சிறு காரியத்தால் 1990 அழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கணக்கில் இது ஓர் ஆண்டாவது ஆகுமா என்பதும் ஐயமே. ஆயினும் கணக்கென்று ஒன்று தொடங்க வேண்டுமல்லவா? டார்லிங்ஹர்ஸ்டிலும் 1922இல் முதல் மாணவன் உள்ளே நுழைந்தபோது, கலைக்கு ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. சிறைக்கு 73 ஆகியிருந்தது.